கோரத்துக்கு ஒரு ஆள்

எனோஸ் ஹாக்கெட்டை நாங்கள் அரசியல் சாசன மாநாட்டுக்கு அனுப்பியதற்குக் காரணம், அவன் பன்றி பிடிப்பதில் கெட்டிக்காரன் என்பதுதான். மட்கிரீக்கில் ஏழு வருஷமாக அவன்தான் பன்றி அதிகாரி. அடுத்தவன் சோளக்கொல்லையில் மேயும் பன்றியைப் பின்னங்காலில் கயிறு போட்டு இழுத்து வந்து பட்டியில் அடைப்பான். ஊரில் பொது உத்தியோகம் பார்த்த அனுபவம் மூன்றே பேருக்குத்தான் உண்டு. ஊர்க்கூட்டத் தலைவரும் ஜெபவீட்டு மூப்பருமான டீக்கன் ஊரியா பிளாட்ஜெட்; அவருக்கு மூட்டுவலி. ஊர் எழுத்தன் நான். எனக்கு எழுத்து வேலை. மிச்சம் எனோஸ்.

ராஜாவை விரட்டி நாலு வருஷம் ஆகியிருந்தது. பதின்மூன்று மாநிலங்களும் பதின்மூன்று கோழிகள் மாதிரி தனித்தனியாகக் கிளறியது போதும், எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு மூட ஒரு சாசனம் எழுதிவிட்டோம், மாநிலம் மாநிலமாகக் கூடி ஒப்புக்கொள்ளுங்கள் என்று மேலிடத்திலிருந்து தாக்கீது வந்தது. ஊர்க்கூட்டத்தில் அதை நான்தான் உரக்கப் படித்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. முடித்ததும் டீக்கன் கேட்டார்:

"இதுல நம்ம ஊர் பேரு எங்கயாச்சும் வருதா?"

வரவில்லை. ஆகவே வேண்டாம் என்று முடிவெடுத்தோம். "மட்கிரீக் பிரதிநிதி 'வேண்டாம்' என்று சொல்வான், வேறொன்றும் சொல்லமாட்டான்" என்று நான் எழுதிக் கொடுத்த தாளை எனோஸ் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"ஏன் வேண்டாம்னு கேட்டா என்ன சொல்றது?" என்றான்.

"கேக்க மாட்டாங்க," என்றார் டீக்கன். "கேக்கற ஆளா இருந்தா எழுதறதுக்கு முன்னாடியே கேட்டிருப்பாங்களே."

எனோஸ் தயங்கினான். அவன் மனைவி ஹல்டா நாற்பத்தோரு வயதில் கர்ப்பமாக இருந்தாள். ஏற்கெனவே பிறந்த இரண்டும் தங்கவில்லை. இதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

"பத்து நாள் வேலைப்பா. போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வா," என்று டீக்கன் தட்டிக்கொடுத்தார். அவன் போனான்.

அங்கே நடந்ததில் பாதியை, மாநாட்டார் அச்சடித்து அனுப்பிய நடவடிக்கைக் குறிப்பிலிருந்து சொல்கிறேன். மீதியை எனோஸ் சொன்னான். இரண்டும் மாறுபடும் இடங்களில் அச்சடித்ததையே நம்பியிருக்கிறேன்.

மொத்தம் அறுபது பிரதிநிதிகள். நாற்பது தலை இருந்தால்தான் கோரம். கோரம் இருந்தால்தான் கூட்டம். சாசனம் வேண்டும் என்பவர்கள் முப்பத்தொன்பது பேர். வேண்டாம் என்பவர்கள், எனோஸோடு சேர்த்து, இருபத்தொரு பேர். வேண்டாம் கட்சிக்குத் தலைவர் கர்னல் மோசஸ் ட்ராஸ்க். போரில் மூன்று தடவை பின்வாங்கி, மூன்று தடவையும் பதக்கம் வாங்கியவர். அவர் தன் ஆட்களை ஒரு சத்திரத்து மாடிக்குக் கூட்டிப்போய்க் கதவைத் தாழிட்டுத் திட்டத்தைச் சொன்னார்.

"நாம யாரும் போகப் போறதில்ல. நாப்பது பேர் சேராது. சாசனம் தானா செத்துடும்."

"எங்க ஊர்ல என்னை 'வேண்டாம்'னு சொல்லச் சொன்னாங்க," என்றான் எனோஸ்.

"தம்பி, போகாம இருக்கறதுதான் இருக்கறதுலயே பெரிய வேண்டாம். நீ செய்ய வேண்டியது ஒண்ணுமே கிடையாது. ஒண்ணும் செய்யாம இருக்க முடியும்ல உன்னால?"

எனோஸ் இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தான். மூன்றாம் நாள் காலை ஹல்டாவின் தம்பி எழுதிய கடிதம் வந்தது. 'அக்காவுக்கு மாசம் ஆகாமலே வலி கண்டிருக்கிறது. வா.' எனோஸ் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடியிறங்கி, ஊருக்குப் போகும் படகுத்துறையை நோக்கி நடந்தான்.

தெருவில் தனியாக நடந்த ஒரே வேண்டாம் அவன்தான். மாநாட்டுக் காவல் அதிகாரி, காலையிலேயே நன்றாகக் குடித்திருந்த பத்துப் பன்னிரண்டு பேரோடு அவனைத் துறையில் பிடித்தார்.

"நீங்க இல்லாம மாநாடே நடக்காதுங்க ஐயா," என்றார் காவல் அதிகாரி, தொப்பியைக் கழற்றி.

எனோஸுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்ததாம். அதை அவன் என்னிடம் ஒளிக்கவில்லை. "வேற யாராச்சும் பெரிய மனுஷனா பாத்துக் கூட்டிட்டுப் போங்களேன். என் சம்சாரத்துக்கு வலி கண்டுடுச்சு," என்று சொல்லிப் படகில் கால் வைத்தான். இன்னொரு காலை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பின்னங்கால் என்றுதான் எனோஸ் சொன்னான், பழக்கதோஷம்.

நாலு தெரு வழியாக இழுத்துப் போனார்கள். கூட வந்த கூட்டம், "சுதந்திரம் வாழ்க!" என்று கத்தியது. ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. சத்திரத்தைத் தாண்டும்போது எனோஸ் அண்ணாந்து, "கர்னல் ஐயா!" என்று கூப்பிட்டான். கர்னல் ட்ராஸ்க் ஜன்னலில் நின்று பார்த்தார். பிறகு, குளிர்காற்று வருகிறது என்று ஜன்னலைச் சாத்தினார்.

மாநாட்டு மண்டபத்தில் அவனை ஒரு நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்துக் கதவைப் பூட்டினார்கள். தலைவர் அகஸ்டஸ் ப்ரூம்ஃபீல்ட், பொய்முடியைச் சரிசெய்துகொண்டு பெயர்ப் பட்டியல் வாசிக்கச் சொன்னார்.

"எனோஸ் ஹாக்கெட்?"

"நான் வரலைங்க."

"உறுப்பினர் பதில் கொடுத்துட்டார். வருகையைப் பதிஞ்சுக்குங்க," என்றார் தலைவர். முப்பத்தொன்பது பேரும் கைதட்டினார்கள்.

எனோஸ் எழுந்தான். இரண்டு பக்கமும் இரண்டு பிரதிநிதிகள் அவனோடு எழுந்தார்கள், அவன் கையை விடாமல். "ஐயா, ஊர்ல என் சம்சாரம் தனியா கிடக்கா. என்னை அனுப்பிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

தலைவரின் பதிலைக் குறிப்பிலிருந்து அப்படியே தருகிறேன்: "உறுப்பினர் விடுப்புக் கோருகிறார். மிக நியாயமான கோரிக்கை. அதை ஏற்க நாற்பது பேர் வேண்டும். நாற்பது பேர் இருக்கிறோம். ஏற்றால் அவர் போய்விடுவார். போனால் நாம் முப்பத்தொன்பது. முப்பத்தொன்பது பேர் கொடுத்த விடுப்பு செல்லாது. செல்லாத விடுப்பில் போனவர் திரும்பி வர வேண்டும். கர்ப்பிணி மனைவியுள்ள ஒருவரை அப்படி வீணாக அலைக்கழிக்க இந்தத் தலைமைக்கு மனம் வரவில்லை."

மனிதாபிமானமான தீர்ப்பு என்று பலர் மேசையைத் தட்டினார்கள்.

விவாதம் தொடங்கியது. முதலில் பேசியவர் வழக்கறிஞர் ஜெரார்ட் லாத்ரப். மாநிலத்திலேயே அழகான குரல் அவருடையது என்பார்கள்.

"பெருமக்களே! இந்தச் சாசனத்தில் மக்களுடைய உரிமைகளுக்கு ஒரு பட்டியல் இல்லையே என்று வீதிதோறும் ஒப்பாரி வைக்கிறார்கள். எதற்கு ஐயா பட்டியல்? ஒரு மனிதனைக் காரணமின்றிப் பிடிக்கக் கூடாது என்று எழுதிவைக்க வேண்டுமாம்! இந்தச் சுதந்திர பூமியில் எவன் இன்னொருவனைக் காரணமின்றிப் பிடிப்பான்? ஆறு மேட்டுக்கு ஓடக் கூடாது என்று யாராவது சட்டம் போடுவார்களா?"

"இந்தா, என்னைப் பிடிச்சுட்டுதானே இருக்காங்க," என்றான் எனோஸ்.

"உறுப்பினரைக் காரணத்தோடுதான் பிடித்திருக்கிறது," என்றார் தலைவர். "காரணம், கோரம். குறுக்கே பேச வேண்டாம்."

லாத்ரப் இடது கையைப் பிடித்திருந்தவரிடம், "கொஞ்சம் தளர்த்திப் பிடிங்க. அவருக்கும் இது புரியணும்," என்று அன்போடு சொல்லிவிட்டு மூன்று மணி நேரம் பேசினார்.

சாயங்காலத்துக்குள் எனோஸுக்கு வயிறு முட்டியது. கழிப்பறை முற்றத்துக்கு அந்தப் பக்கம். முற்றம் மண்டபத்தைச் சேர்ந்ததா இல்லையா என்று ஒரு கேள்வி எழுந்தது. இருபது நிமிஷம் பேசினார்கள். கடைசியில், எனோஸின் இடுப்பில் ஒரு கயிறு கட்டி, மறுமுனையைக் காவல் அதிகாரி மண்டபத்துக்குள் பிடித்திருந்தால் போதும் என்று முடிவாயிற்று. 'உறுப்பினர் கயிற்றின் வழியே வருகையில் இருந்தார்' என்று குறிப்பு சொல்கிறது. கயிறு நல்ல சணல் கயிறு என்று எனோஸ் சொன்னான். முடிச்சுதான் போடத் தெரியவில்லையாம். ஒரு பன்றியாக இருந்தால் அவிழ்த்துக்கொண்டு போயிருக்குமாம்.

"நீ ஏன் அவுத்துட்டுப் போகல?" என்று கேட்டேன்.

"கட்டினது அரசாங்கமாச்சே," என்றான்.

இரண்டாம் நாள் அவன் மைத்துனனின் கடிதத்தை எடுத்து நீட்டினான். இதைப் பார்த்தாவது இரங்குவார்கள் என்று நினைத்தான். தலைவர் அதை வாங்கி ஐந்து பேர் கொண்ட குழுவிடம் ஒப்படைத்தார். குழு மறுநாள் அறிக்கை கொடுத்தது. கடிதத்திலுள்ள 'வா' என்ற சொல் கட்டளையா வேண்டுகோளா என்று தெளிவாக இல்லை. எழுதியவர் நிலம் உள்ளவரா, இல்லாதவரா என்ற விவரமும் இல்லை. எனினும் கையெழுத்து நன்றாக இருக்கிறது.

எனோஸ் நாற்காலியிலேயே அழுதான். மண்டபம் நெகிழ்ந்துபோயிற்று. லாத்ரப் எழுந்து, உறுப்பினரின் குடும்பத்துக்கு ஒரு வாழ்த்துத் தீர்மானம் கொண்டுவந்தார்: 'பிறக்கவிருக்கும் ஹாக்கெட், புதிய சாசனத்தின் நிழலில் கண்விழிக்கும் எங்கள் முதல் குடிமகன் என்பதில் இம்மாநாடு பெருமிதம் கொள்கிறது.'

"பொண்ணாப் பொறந்தா?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"அப்ப பெருமிதம் மட்டும் இருக்கட்டும். குடிமகன்ங்கறத அடிச்சுடலாம்," என்றார் லாத்ரப். அந்தத் திருத்தத்தோடு தீர்மானம் நிறைவேறியது. அன்றே அச்சடித்து, குதிரைத் தபாலில் எங்கள் ஊருக்கு அனுப்பினார்கள். அந்தக் குதிரையில் தன்னையும் ஏற்றிவிட முடியுமா என்று எனோஸ் கேட்டான். சிரித்தார்கள்.

நாலாம் நாள் கர்னல் ட்ராஸ்கிடமிருந்து ஒரு துண்டுச்சீட்டு வந்தது. 'தைரியமாக இரும். நாங்கள் இருபது பேரும் உமக்குப் பின்னால் இருக்கிறோம்.' அது உண்மை. சரியாக இரண்டு தெரு பின்னால் இருந்தார்கள்.

அன்று மதியம் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவன் க்வாமினோ; தலைவர் ப்ரூம்ஃபீல்டின் அடிமை. அவன் வரும்போதும் போகும்போதும் காவலர்கள் மறுபேச்சில்லாமல் கதவைத் திறப்பதை எனோஸ் நாலு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன்னை மட்டும் எப்படிப்பா விடறாங்க?"

"நான் கணக்குல இல்லீங்களே," என்றான் க்வாமினோ. "நான் உள்ள இருந்தாலும் நாப்பதுதான், வெளிய போனாலும் நாப்பதுதான்."

"கொடுத்து வச்சவன்."

க்வாமினோ குவளையில் தண்ணீர் ஊற்றி நீட்டினான். "இங்க பேசறதெல்லாம் என் காதுல விழுதுங்க. இந்தச் சாசனப்படி தெக்கத்தி முதலாளிங்க அடிமைய அஞ்சுல மூணு பங்கா எண்ணிக் காட்டி, அதுக்கேத்த மாதிரி கூடுதலா சீட்டு வாங்கிக்கலாமாம். அந்த மூணு பங்கும் கை தூக்காதாம். கைய மட்டும் மிச்ச ரெண்டு பங்குல வச்சுட்டாங்க போல." குவளைக்குக் கை நீட்டினான். "உங்களையாச்சும் முழுசா எண்ணிதான் பிடிச்சு வச்சிருக்காங்க. குடிச்சுட்டீங்கன்னா நான் போறேன். முதலாளி தேடுவார்."

அவன் போனான். கதவு திறந்தது. கதவு மூடியது. எனோஸ் அப்புறம் விடுப்புக் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் வாக்கெடுப்பு. முப்பத்தொன்பது பேர் 'ஆம்' என்றார்கள். எனோஸின் முறை வந்தது. பையிலிருந்து என் தாளை எடுத்துப் பிரித்து ஒருமுறை படித்துப் பார்த்துக்கொண்டு, முடிந்த மட்டும் உரக்க, "வேண்டாம்!" என்றான். கூரை இடிந்து விழும் என்று எதிர்பார்த்தானாம். கைதட்டல் கூரையைப் பிளந்தது. லாத்ரப் ஓடி வந்து கட்டிக்கொண்டார்.

தலைவர் எழுந்தார். அவர் கண்ணில் நீர். "பெருமக்களே! முப்பத்தொன்பது பேர் கூடி ஒப்புக்கொண்டால் அதற்குச் சதி என்று பெயர். ஒருவர் எழுந்து மறுத்தால்தான் அது விவாதம். மட்கிரீக் உறுப்பினர் தம் சொந்த விருப்பத்தோடு இங்கே வந்து, தம் சொந்த வாயால் மறுத்து, இந்தச் சாசனத்தைச் செல்லுபடியாக்கினார். அவருடைய 'வேண்டாம்' இல்லாமல் நம்முடைய 'ஆம்' இல்லை."

பீரங்கி முழங்கியது. மணி அடித்தது. கதவைத் திறந்துவிட்டார்கள். எண்ணி முடித்துவிட்டதால் எனோஸை அப்புறம் யாரும் பிடிக்கவில்லை. நடுவில் நின்றவனை, "வழிவிடுப்பா," என்று ஒதுக்கிவிட்டு ஊர்வலத்துக்கு ஓடினார்கள். ஊர்வலத்துக்காகப் படகுக்காரனும் விடுமுறை எடுத்திருந்தான். எனோஸ் கரையோரமாகச் சுற்றுவழியில் நடந்தான். ஒற்றைச் செருப்போடு நாலு நாள்.

குதிரைத் தபால் அவனுக்கு முன்னால் வந்துவிட்டது. குழந்தைக்கு மூன்று நாள் மூச்சு இருந்தது. நாலாம் நாள் இல்லை. நாங்கள் அதை அடக்கம் செய்யப் போகும்போதுதான் தபால் வந்தது. சின்னப் பெட்டி, டீக்கனே கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். அரசாங்கக் காகிதம் வந்தால் ஜெபவீட்டு வாசலில் நின்று அப்போதே உரக்கப் படிக்க வேண்டும் என்பது விதி. படித்தேன். பெண் குழந்தை என்பதால் 'குடிமகன்' என்ற சொல்லை விட்டுவிட்டுப் படித்தேன். டீக்கன் பெட்டியோடு கடைசிவரை மரியாதையாக நின்றார்.

இரண்டு நாள் கழித்து வந்த தபாலில் செய்தித்தாள் இருந்தது. மட்கிரீக் பிரதிநிதி வந்து அமர்ந்ததால் மாநாடு நிறைவுற்றது, சாசனம் ஏற்கப்பட்டது என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். ஊர் கொதித்தது.

எனோஸ் வந்து சேர்ந்த மறுநாள் ஊர்க்கூட்டம். டீக்கன் மூட்டுவலியை மறந்து எழுந்து நின்று பேசினார்:

"ஒரு சுதந்திர மனுஷனை, பொண்டாட்டிகிட்ட போக விடாம, கையப் புடிச்சு காலப் புடிச்சு தரதரன்னு இழுத்துட்டுப் போயிருக்கானுங்க! ராஜா காலத்துல கூட இந்த அக்கிரமம் நடக்கல! இதை நாம சும்மா விடலாமா?"

"கூடாது!" என்று கத்தினோம்.

"அப்படி இழுத்துட்டுப் போனா, இவன் போயிடறதா? இவனை விசாரிக்கணுமா வேண்டாமா?"

"விசாரிக்கணும்!"

"எங்க அவன்?"

அவன் வரவில்லை. வீட்டில் இருந்தான். ஊர் உத்தியோகத்திலிருந்து ஒருவனை நீக்க வேண்டுமானால், ஊரிலுள்ள நிலக்காரர்கள் அத்தனை பேரும் அவையில் இருக்க வேண்டும். முடிவு ஒருமனதாக இருக்க வேண்டும். இந்த விதியை எழுதியவன் நான். யாருக்கும் அநியாயம் நடந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதினேன். எனோஸுக்கு ஒன்பது ஏக்கர் கல்நிலம் இருந்தது. ஆகவே, அவன் இல்லாமல் அவனை நீக்க முடியாது.

டீக்கன் கான்ஸ்டபிள் ஜேபஸையும் இன்னும் இரண்டு பேரையும் அனுப்பினார். முறைப்படி நடக்கிறதா என்று பார்க்க நானும் கூடப் போனேன்.

ஹல்டா கட்டிலில் சாய்ந்திருந்தாள். ஜுரம். பால் வற்றட்டும் என்று மார்பில் முட்டைக்கோஸ் இலை வைத்து இறுகக் கட்டியிருந்தார்கள். எனோஸ் பக்கத்தில் உட்கார்ந்து சோளக்கஞ்சியைக் கரண்டியில் எடுத்து ஊதிக்கொண்டிருந்தான். அவள் வாயைத் திறக்கவில்லை.

"ஊர்க்கூட்டம் எனோஸ். கிளம்பு," என்றான் ஜேபஸ்.

"நான் வரல. என்ன வேணா எழுதிக்குங்க. நான் இங்கதான் இருப்பேன்."

ஜேபஸ் ஒரு கையைப் பிடித்தான். மற்றவர்கள் இன்னொரு கையைப் பிடித்தார்கள். கஞ்சி கொட்டியது. அப்போதுதான் ஹல்டா கண்ணைத் திறந்தாள். அவன் வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது என்று அவள் தம்பி பிறகு என்னிடம் சொன்னான்.

"போங்க," என்றாள். "போய் உக்காருங்க. நீங்க இல்லாம அவங்களுக்கு ஒண்ணும் நடக்காது போல. எனக்குத்தான் நீங்க இல்லாமலே எல்லாம் நடந்து முடிஞ்சுடுச்சு."

அதன் பிறகு எனோஸ் கையை உதறவில்லை. தானாகவே நடந்து வந்தான். இதைக் குறிப்பில் 'மனமுவந்து வந்தான்' என்று எழுதியிருக்கிறேன்.

டீக்கன் விசாரித்தார். "உன்னை என்ன சொல்லச் சொல்லி அனுப்பினோம்?"

"வேண்டாம்னு சொல்ல."

"சொன்னியா?"

"சொன்னேன்."

"எங்க வச்சுச் சொன்ன?"

"அங்க வச்சு."

"பாத்தீங்களா!" என்று டீக்கன் எங்கள் பக்கம் திரும்பினார். "அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான். அங்க இருந்திருக்கான்!"

பன்றி அதிகாரி உத்தியோகத்திலிருந்து எனோஸை நீக்குவதென்றும், அவன் பட்டிச்சாவியை ஒப்படைக்க வேண்டுமென்றும், அவனோடு ஊரார் கொடுக்கல் வாங்கல், பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளக் கூடாதென்றும் தீர்மானம். கை தூக்கச் சொன்னார்கள். ஐம்பத்து மூன்று பேர் இருந்தோம். ஐம்பத்திரண்டு கை எழுந்தது.

எனோஸ் தன் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தபடி இருந்தான். மறுக்கவும் இல்லை. கஞ்சி சட்டைக்கையில் காய்ந்திருந்தது.

"ஒருமனதா இருந்தாதான் செல்லும்," என்றார் டீக்கன், என்னைப் பார்த்து.

அவனுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவன் நான். அவன் வலது மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினேன். அவ்வளவு கன்று, பன்றி என்று இழுத்த கை. கனமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. டீக்கன் எண்ணி முடிக்கும்வரை பிடித்திருந்துவிட்டு, மெதுவாக முழங்காலிலேயே திரும்ப வைத்தேன். 'ஒருமனதாக' என்று எழுதினேன்.

"எழுதிட்டியா?" என்று கேட்டான் எனோஸ்.

அவனோடு பேசக் கூடாது என்று அப்போதுதான் தீர்மானமாகியிருந்ததால் நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"அப்ப நான் வீட்டுக்குப் போலாமா?"

நான் டீக்கனைப் பார்த்தேன். கூட்டம் இன்னும் முடியவில்லை, அதற்குள் ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது என்று டீக்கன் பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார். எழப்போன எனோஸ் மறுபடி உட்கார்ந்தான். அடுத்து, தன் சுதந்திரத்தை எவருக்கும் விட்டுக்கொடுக்காத மட்கிரீக் மக்களைப் பாராட்டும் தீர்மானம் வாசிக்கப்பட்டது. கொஞ்சம் நீளமான தீர்மானம். எழுதியவன் நான்.